தழை டீச்சர் களை எடுத்த கதை

தொண்ணூறுகளின் கோயமுத்தூரில் ஓட்டலே தேவைப்படாத ஜீவன்கள் இரண்டுதான். ஒன்று ஆடு. இன்னொன்று எங்கள் தழை டீச்சர்.

அப்போது நான் ஒரு மோட்டார் கம்பெனியில் டைப்பிஸ்ட். பீளமேட்டில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஹாஸ்டலில் இருந்தேன். டீச்சரும் அங்கேதான். பக்கத்துப் பள்ளியில் பி.டி. டீச்சர், ஐம்பதை நெருங்கிய வயது. நிஜப் பெயர் வார்டனின் ரிஜிஸ்டருக்கு மட்டுமே தெரியும். விடிந்ததும் கழுத்தில் விசில், கையில் மஞ்சப்பை சகிதம் எதிரே இருந்த பார்க்குக்குப் போவார். மற்றவர்கள் அங்கே நடந்து நடந்து உடம்பைக் குறைப்பார்கள். டீச்சர் குனிந்து குனிந்து பையை நிறைப்பார்.

பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை எல்லாவற்றையும் ஒன்றாக வேகவைத்து, பூண்டும் வரமிளகாயும் போட்டு அவர் கடைந்தால் மெஸ் சாம்பார் சீந்துவாரில்லாமல் கிடக்கும். ஆனால் நேரில் பாராட்ட எங்களுக்கு வாய் வராது. "ஏனுங்க டீச்சர், இன்னைக்கு வைக்கோலு கெடைக்கலீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டாம் தடவை தட்டை நீட்டுவோம்.

இடி இடித்த மறுநாள் பார்க்கில் காளான் முளைக்கும். ஒரு தடவை குழந்தைகள் ஏறி ஆடும் சீசா பலகைக்குப் பக்கத்தில் டீச்சர் காளானைக் கண்ட நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. நான் போய்ப் பார்த்தால், குடை காளானுக்கு மேல் இருக்கிறது, டீச்சர் தெப்பமாக நனைந்து நிற்கிறார்.

"சளி புடிச்சுக்குமுங்க டீச்சர்!"

"எனக்குச் சளி புடிச்சா கஷாயம் இருக்குது அம்மணி. இது நனைஞ்சா வழவழன்னு போயிரும். போ, போயி சட்டி எடுத்துட்டு வா."

பார்க் தோட்டக்காரர் மாரப்பன், தினக்கூலி. டீச்சருக்காக வடக்கு மூலையில் களையே எடுக்காமல் விட்டு வைத்திருந்தார். அவர் கத்தி தப்பித்தவறி அந்தப் பக்கம் திரும்பினால் எங்கிருந்தோ விசில் ஊதும்.

ஒருநாள் சேதி வந்தது. மறுநாள் பத்து மணிக்கு மேலதிகாரி பார்க்கைப் பார்வையிட வருகிறார். திருப்தியாக இருந்தால் மாரப்பனுக்கு வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு ஆள். பார்க் முழுக்கக் களை மண்டிக் கிடக்கிறது, மாரப்பனோ நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலில் நடுங்குகிறார். வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள்.

"நீங்க போய்ப் படுங்க மாரப்பண்ணா. களைதானுங்க? காலைல நா எடுத்துப்போடறேன்" என்றார் டீச்சர்.

விடிந்தும் விடியாமலும் எட்டுப் பெண்களை வரிசையில் நிறுத்தினார். நான் கொத்தமல்லிக்கும் புதினாவுக்குமே முழிக்கிறவள். "எதுங்க டீச்சர் களை?" என்று கேட்டேன்.

"வேகாததெல்லாம் களைதான் கண்ணு."

விசில் ஊதினார். பிடுங்கினோம். அப்படிப் பிடுங்கினோம்!

ஏழு மணிக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மாரப்பன் வந்தார். பாதையின் இரண்டு பக்கமும் பார்த்தார். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"டீச்சரம்மா, நட்டு வெச்ச குரோட்டன்ஸெல்லாம் எங்கீங்க?"

"அந்தக் கலர்ச் செடிங்களா? அதுல ஒண்ணாச்சும் சட்டியில வேகுமாங்க?"

"அதையத்தானுங்க பாக்க வாராங்க. என்ற பொழப்பே போச்சுங்க."

டீச்சர் விசிலை ஊதினார். குவியலிலிருந்து குரோட்டன்ஸைத் திரும்ப நடச் சொல்லி எங்களை விரட்டிவிட்டு, மிச்சமிருந்த கீரையை அவரே பிடுங்க ஆரம்பித்தார். பாதையோரம் முடித்து வடக்கு மூலைக்குப் போனார். பண்ணைக்கீரை அங்கே முழங்கால் உயரம் நின்றது. நான் அவர் பின்னாலேயே ஓடினேன்.

"டீச்சர், இந்த மூலையையாச்சும் உடுங்க."

"ஒரு தழை இருக்கப்படாது அம்மணி. அவருக்கு வேலை போயிரும்" என்றார், நிமிராமலே.

சரியாகப் பத்து மணிக்கு அதிகாரி வந்தார். குரோட்டன்ஸெல்லாம் தலையைத் தொங்கப்போட்டு நின்றன.

"ஏன்யா எல்லாம் வாடிக் கெடக்கு?"

மாரப்பன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். டீச்சர் முன்னால் போனார்.

"வெயிலுங்க சார்."

வானம் முழுக்க மேகம். அதிகாரி வானத்தைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்தார். சின்ன வயதில் எந்த பி.டி. டீச்சரிடம் என்ன வாங்கினாரோ, மறுபேச்சில்லாமல் தண்ணீர் நிறைய ஊற்றச் சொல்லிவிட்டு, மாரப்பனின் வேலை நிரந்தரத் தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். மாரப்பன் அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார்.

டீச்சரும் நானும் திரும்பினோம். ஹாஸ்டலுக்கு எதிரே வந்ததும் மெதுவாகச் சொன்னார்: "பொய் சொல்லிப்போட்டேன் அம்மணி."

பஸ்ஸும் லாரியுமாக வந்துகொண்டிருந்தன. ரோட்டைக் கடக்கிற சாக்கில், மண் அப்பியிருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கடந்த பிறகும் விடவில்லை.