ராசா கிடைக்காத வரலாறு

கோவில்பட்டியில் ஆதாரம் அண்ணாச்சியின் அனுமதி இல்லாமல் யாரும் செத்ததில்லை. அதாவது, முறைப்படி செத்ததில்லை. கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி அடிக்க எங்கள் அச்சகத்துக்குத்தான் வருவார்கள்; அங்கே பிழை திருத்துபவர் அவர். நான் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோப்பவள். பத்து வருஷம் அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எதைக் கொடுத்தாலும் ஆதாரம் கேட்பார். அவருடைய சொந்தப் பெயர் அச்சக முதலாளிக்கே மறந்துபோயிருந்தது.

ஒருவர் தன் தகப்பனாருக்கு 'ஊரே அழுகிறது' என்று எழுதிக்கொண்டு வந்தார். அண்ணாச்சி சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"ஊரே அழுததுக்கு ஆதாரம் இருக்கா? நான் இப்பம் பஜார் வழியாத்தான் வாரேன். அங்கன எல்லாரும் டீ குடிச்சிக்கிட்டு இருக்காவ."

"சொந்தக்காரங்க அழுதாங்க அண்ணாச்சி."

"எந்தச் சொந்தக்காரங்க?"

கடைசியில் 'மனைவியும் இளைய மகளும் அழுகின்றனர்' என்று சுவரொட்டி வந்தது. எழுதிக்கொண்டு வந்த மூத்த மகன் அதைப் பார்த்த பிறகுதான் உண்மையிலேயே அழுதார்.

கல்யாணப் பத்திரிகையில் 'இரு மனம் இணையும் விழா' என்று இருந்தால், "பொண்ணுகிட்டக் கேட்டீங்களா?" என்பார். பெண்ணின் அப்பா எழுந்து அடுத்த அச்சகத்துக்குப் போய்விடுவார். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் அவரை அனுப்ப மாட்டார். ஒற்றுப்பிழை இல்லாத பத்திரிகைக்காகத் தமிழாசிரியர்கள் மாவட்டம் தாண்டி வந்துகொண்டிருந்தார்கள்.

அப்படிப்பட்டவரிடம்தான் ஒரு சங்கத் தலைவர் வந்து மாட்டினார். தீப்பெட்டி ஆலை வைத்திருந்தவர்; தேர்தலில் நிற்கும் ஆசையும் இருந்தது.

"எங்க சமுதாய வரலாற்றைப் புத்தகமாப் போடணும். நீங்கதான் எழுதணும். நாங்க ஆண்ட பரம்பரை அண்ணாச்சி."

"எந்த ஊரை ஆண்டீங்க?"

"எல்லா ஊரையும்!"

அதற்கு முன்பே மூன்று சங்கங்களின் வரலாறு எங்களிடம் அச்சாகியிருந்தது. மூவரும் இதே கரிசல் காட்டை, ஒரே நூற்றாண்டில் ஆண்டிருந்தார்கள். நாலாவது ராசாவுக்குக் கம்மங்காட்டில் நிற்க இடம் இருக்குமா என்பதே என் கவலை.

அண்ணாச்சி மறுக்கவில்லை. பழைய மொபெட்டை எடுத்துக்கொண்டு இடைசெவல், விளாத்திகுளம், குளத்தூர் என்று ஆறு மாதம் அலைந்தார். வெயிலில் கறுத்து, ஒரு மூட்டை நோட்டுகளோடு திரும்பினார். எல்லாம் எழுதிக் கோத்துக் காட்டியபோது, தலைவர் அட்டையை மட்டும் பார்த்தார். கிரீடமும் வாளுமாக ஒரு மாமன்னர், முகம் தலைவருடையது. அந்த ஒட்டுவேலையைச் செய்தவள் நான். உள்ளே தன் வாழ்த்துரையை இரண்டு முறை படித்து நெகிழ்ந்தார். அதையும் எழுதியவள் நான்தான். "அச்சுக்குப் போங்க" என்றார்.

வெளியீட்டு விழாவன்று காலை, கல்யாண மண்டபத்தில்தான் மற்ற பக்கங்களைப் புரட்டினார்.

"ராசா எங்கய்யா?"

"தேடுனேன் தலைவரே. கிடைக்கல."

"எல்லாச் சங்கத்துக்கும் கிடைக்குதே!"

"அவியெல்லாம் தேடாமக் கண்டுபுடிச்சிருக்காவ."

புத்தகம் முழுக்கக் கிணறுகள். கரிசலுக்குக் கீழே பாறையை உடைத்து எந்த ஊரில் யார் தண்ணீர் கண்டார்கள், கல் சுமந்த பெண்கள் யார் யார் என்று பெயர் பெயராக இருந்தது. கணவன் வெடியில் இறந்த கிணற்றிலேயே இறங்கி, மீதியை வெட்டித் தண்ணீர் கண்ட மாடத்திக்கு ஒரு தனி அத்தியாயம்.

"கல்லு சுமந்தத ஊருக்குச் சொல்லவா விழா எடுக்கேன்? இதுல ஒரு பிரதி வெளிய போனா அச்சாபீசே இருக்காது!" என்று தலைவர் கத்தினார். முதலாளிக்கு வேர்த்து ஊற்றியது. கட்டுகளையெல்லாம் பந்திக்கூடத்தை ஒட்டிய அறையில், வாழை இலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தோம். அண்ணாச்சி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் முகம் அவ்வளவு சின்னதாகி நான் பார்த்ததில்லை.

பந்திக்கு இலை எடுக்கப் போன பெண்கள் கட்டைப் பிரித்துவிட்டார்கள்.

"ஏட்டி, இது குளத்தூரு ஆச்சில்லா!"

மாடத்தியின் மகள் அந்தக் கிணற்றடியில் நிற்கும் படம். அந்த அம்மாவே சாப்பிட வந்திருந்தார். கூட்டிவந்து அரிசி மூட்டைமேல் உட்காரவைத்து அத்தியாயத்தை வாசித்தார்கள். "எங்கம்மா பேரு இருக்கா? அச்சுலயா?" என்று கேட்டு, மறுபடியும் வாசிக்கச் சொன்னார். அரைமணி நேரத்தில் சாம்பாருக்கு இருந்ததைவிடப் புத்தகத்துக்கு நீளமான வரிசை நின்றது. எல்லாரும் தங்கள் ஊர்க் கிணற்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் அரசியலுக்கு ஏற்றவர்தான். சட்டென்று மைக்கைப் பிடித்தார். "உறவுகளே! நாம கிணறு தோண்டலைன்னா எந்த ராசா தண்ணி குடிச்சிருப்பான்?"

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. கடைசி வரிசையில் அண்ணாச்சி எழுந்து நின்றார்.

"தலைவரே, இங்கன ராசா தண்ணி குடிச்சதுக்கும் ஆதாரம் இல்ல."

அன்று மேடையில் எல்லாருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள், அவரைத் தவிர.

இப்போது அவர் அச்சகத்துக்கு வருவதில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கண் தெளியவில்லை. மாதம் ஒருமுறை நாலைந்து கல்யாணப் பத்திரிகைகளைப் பெரிய எழுத்தில் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறேன்.

"அவசரமா ஏட்டி?"

"ஆமா அண்ணாச்சி. நீங்க பாத்தாத்தான் அச்சுக்குப் போகும்."

லென்ஸைப் பிடித்து ஒரு முழு மதியம் உட்கார்ந்து திருத்தித் தருவார். அந்தக் கல்யாணங்களெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டன.