எதிர்த்தரப்பு அக்கா

பூமியில் எந்த மூலையில் யாரை நாலு பேர் சேர்ந்து திட்டினாலும் சரி, திட்டு வாங்குகிறவருக்காகப் பேச வெள்ளிமலையிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்துவிடுவார். வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்தது. எங்களுக்கு அவர் எதிர்த்தரப்பு அக்கா. அவர் பக்கத்தில் ஒரு வருஷம் உட்கார்ந்த எனக்கு, இன்றைக்கும் யாராவது "ஆனா ஒண்ணு" என்று ஆரம்பித்தால் தலை வலிக்கிறது.

கள்ளக்குறிச்சியில் ஒரு சமுதாயக் கல்லூரியில் பாரா லீகல் படித்தோம். வக்கீல் ஆகிற படிப்பு இல்லை. வக்கீலுக்குப் பக்கத்தில் இருந்து மனு தயாரிக்கவும், கோர்ட் வாசலில் திருதிருவென்று முழிப்பவர்களுக்கு வழி சொல்லவும் கற்றுக்கொடுக்கிற படிப்பு. எங்களில் பலருக்கு இருபது வயசு. அக்காவுக்கு நாற்பது இருக்கும். மலையில் சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி சும்மா இருக்க முடியாது என்று மலையிறங்கிப் படிக்க வந்துவிட்டார். அவர் சும்மா இருந்திருந்தால் நாங்கள் நிம்மதியாக இருந்திருப்போம்.

முதல் வகுப்பிலேயே ஆரம்பமாகிவிட்டது. பாடம் எடுத்த வக்கீல் சார் ஒரு வழக்கு சொன்னார். வாடகைக்கு இருந்த குடும்பத்தை வீட்டுக்காரர் சட்டி பானையோடு தெருவில் தள்ளிவிட்டார், இப்போது நாம் என்ன செய்யலாம்? வகுப்பே கொதித்தது. அக்கா எழுந்தார்.

"ஏன் சார், அந்த வூட்டுக்காரனுக்கு இன்னா கஷ்டமோ?"

"அம்மா, நாம இப்ப வாடகைக்காரர் பக்கம் இருக்கோம்."

"அவருக்குத்தான் இத்தினி பேரு இருக்கீங்களே. வூட்டுக்காரனுக்கு யாரு இருக்கா?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த வருஷம் முழுக்க அவர் துடைத்துக்கொண்டேதான் இருந்தார்.

ஒரு நாள் மத்தியானம், டப்பாவைத் திறந்துவைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் என் நெத்திலிக் கருவாட்டை வாயில் கவ்விக்கொண்டு ஒரு பூனை ஜன்னல் வழியாகப் போகிறது. நான் கத்தினேன். எல்லோரும் சேர்ந்து பூனையைத் திட்டினோம். அக்கா நிதானமாகக் கேட்டார்.

"டப்பாவத் தொறந்து வச்சது யாரு?"

"நான்தான்."

"அப்ப அது திருடிச்சின்னு எப்பிடிச் சொல்ற? வச்சிட்டுப் போனாங்க, எனக்குத்தான்னு நெனச்சிக்கினு எடுத்திருக்கும்."

அழுகையே வந்துவிட்டது எனக்கு. பிறகு அவருடைய சாமைச் சோற்றில் பாதியை என் டப்பாவில் தள்ளிவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கிறவரை பூனையின் வாதத்தைத் தொடர்ந்தார்.

இப்படிப்பட்டவரைப் போய் எனக்காகப் பேசக் கூப்பிட்டேன் என்றால், என் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்.

எங்கள் வீடு தியாகதுருகத்தில். எலவனாசூர்கோட்டையிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்திருந்தது. பையன் வீட்டார் பெண் பார்த்துவிட்டு, எல்லாம் பிடித்திருக்கிறது, ஆனால் கோர்ட்டு கச்சேரி என்று சுற்றுகிற படிப்பை இன்றோடு நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவும் தலையாட்டிவிட்டார். பரீட்சைக்கு இன்னும் இரண்டே மாதம். நான் சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன், அம்மா பேசிப் பார்த்தாள், தங்கை அழுது பார்த்தாள். அப்பா மசியவில்லை. வயசில் மூத்தவர் யாராவது வந்து சொன்னால் கேட்பார் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த அப்படிப்பட்ட ஆள் அக்கா ஒருவர்தான்.

பஸ்ஸில் வழி நெடுக அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். "அக்கா, இன்னிக்கு மட்டும் நீங்க என் பக்கம். தயவு செஞ்சி."

"நான் பாத்துக்கறேன் கண்ணு, நீ கம்முனு வா."

வீட்டில் அப்பா தனியாக ஒரு நாற்காலியில். எதிரே நான், அம்மா, தங்கை. அக்கா ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். தனக்குப் போட்ட நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அப்பா பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணன் சொல்றதுல இன்னா தப்பு?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மூணு பேரு சேந்துகினு ஒரு மனுசன நசுக்கறீங்களே. பாவம், அவரு பயந்துக்கினு இருக்காரு. பையன் வூட்டுக்காரங்க மொறைச்சா தாங்குவாரா?"

"யாரும்மா பயந்தவன்?" என்றார் அப்பா.

"நீங்க சும்மா இருங்கண்ணே, உங்களுக்காகத்தான் பேசிக்கினு இருக்கேன். பொண்ணு நாலு எழுத்து ஜாஸ்தி படிச்சிட்டா நாளைக்குப் போற எடத்துல யாராச்சும் கையை ஓங்குனா ஏன்னு கேப்பா. அது அவங்களுக்குத் தொந்தரவு. அவங்களுக்குத் தொந்தரவுன்னா அண்ணனுக்குத் தலகுனிவு. வாய் பேசாத பொண்ணா அனுப்பிட்டா அண்ணன் நிம்மதியா தூங்குவாரு. அவ அங்க தூங்கறாளா இல்லையான்னு அவரு எதுக்குப் பாக்கணும்?"

"நான் எங்கம்மா அப்பிடிச் சொன்னேன்?"

"வாய் தொறந்து சொல்வீங்களா? மனசுல இருக்கறத நான் சொல்றேன்."

அப்பா எழுந்துவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். "எம் மனசுல அப்பிடி ஒண்ணும் கெடையாது. இந்த ஊர்ல எவனுக்கும் பயந்தவன் இல்ல நான். எம் பொண்ணு பரீட்ச எழுதுவா. அவங்களுக்கு இஷ்டம்னா காத்திருக்கட்டும், இல்லன்னா வேற எடம் பாக்கட்டும்!"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் துள்ளிக் குதிக்கப் போனேன். அதற்குள் அக்கா ஆரம்பித்தார். "அதெல்லாம் சரிதான். ஆனா ஒண்ணு, பையன் வூட்டுக்காரங்க பாவம் இல்லியா?" அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன்.

"அக்கா, வேணும்னுதானே அப்பிடிப் பேசினீங்க?"

"இன்னா வேணும்னு? உங்கப்பா பக்கம் நாயம் இருந்துச்சி. நான் சரியா பேசல, தோத்துப்பூட்டேன்." முகம் நிஜமாகவே வாடிப்போயிருந்தது. "பாவம், நல்ல மனுசன்."

இன்று வரை எனக்குப் புரியவில்லை. எத்தனை முறை கேட்டாலும் இதே பதில்தான்.

பரீட்சை எழுதினேன். கள்ளக்குறிச்சியில் ஒரு வக்கீல் ஆபீஸில் வேலை செய்கிறேன். அந்த வரன் காத்திருக்கவில்லை. அக்கா மலையேறிப் போய் ஊர் வழக்கையெல்லாம் கையில் எடுத்துக்கொண்டுவிட்டார். போன மாதம் வெள்ளிமலையிலிருந்து ஐந்தாறு பேர் ஒரு வரப்புத் தகராறுக்காக ஆபீசுக்கு வந்தார்கள். வந்த விஷயத்தை விட்டுவிட்டு அக்காவைத்தான் திட்டினார்கள். "தொணைக்கு இட்டுக்கினு போனோங்க. அந்தம்மா எதிராளி பக்கத்துல போய் குந்திக்கிச்சி!" குமாஸ்தா சிரித்தார், வக்கீலும் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏங்க, இத்தினி பேரு சேந்து திட்றீங்களே. அவங்களுக்கு யாரு இருக்கா?" என்று ஆரம்பித்தேன். மூச்சு விடாமல் பேசினேன். வந்தவர்கள் திட்டுவதை விட்டுவிட்டு வரப்பு விஷயத்துக்கே திரும்பினார்கள்.

அக்கா மட்டும் அங்கே இருந்திருந்தால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் பக்கம் உட்கார்ந்து, தன்னைப் பற்றித் தானே குறை சொல்லி என்னைத் தோற்கடித்திருப்பார். தோற்றாலும் பரவாயில்லை அக்கா, ஒரு நாள் வந்துவிட்டுப் போங்கள்.