இன்னும் ஒரு தடவை பார்த்துவிடுவோம்

ஒப்பந்தம் போடுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். அதை மீறுகிறவர்களையும் தெரியும். இந்த இருவருக்கும் நடுவே, யார் கண்ணிலும் படாமல், மின்விசிறிக்கடியில் ஓர் இனம் சுகமாக வளர்ந்துவருகிறது: ஒப்பந்தத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும் இனம். இவர்களிடம் ஒரு வரைவைக் கொடுத்துவிட்டு நீங்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம், வீடு கட்டலாம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். திரும்பி வரும்போது இரண்டாவது பக்கத்தில் இருப்பார்கள்.

திருவனந்தபுரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு உறவுப் பிரிவுக்கு இயக்குநரான பேராசிரியர் அருமைநாயகம் இந்த இனத்தில் நன்கு முற்றியவர். நல்ல மனிதர். கோபம் வராது. யாருக்கும் ‘முடியாது’ என்று சொன்னதே கிடையாது. “இன்னும் ஒரு தடவை பாத்திருவோம்” என்பார். அவ்வளவுதான். சாலைக் கடைத்தெருவில் பழுத்த வியாபாரி பருப்பை உள்ளங்கையில் அள்ளுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கல் இருக்கிறது என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டுத்தான் அள்ளுவார். அருமைநாயகம் வரைவைக் கையிலெடுப்பதும் அப்படித்தான்.

ஒருநாள் நார்வேயிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் இரண்டே பக்கத்தில் ஒரு வரைவை அனுப்பியது. உங்கள் மாணவர்கள் எங்களிடம் வரட்டும், எங்கள் மாணவர்கள் உங்களிடம் வரட்டும், கடலைச் சேர்ந்து ஆராய்வோம் என்பதுதான் விஷயம். இரண்டு பக்கமா? அருமைநாயகத்துக்கு அது அவமரியாதையாகவே பட்டது.

அந்த இரண்டு பக்கத்தை நம்பி ஒரு பெண் காத்திருந்தாள். ஜெஸ்லின். பொழியூர்க் கடற்கரைக்காரி, கடற்பாசியில் ஆராய்ச்சி செய்கிறவள். நார்வேக்காரர்களின் ஆய்வுக் கப்பல் வருஷத்துக்கு ஒருமுறைதான் வடகடலுக்குக் கிளம்பும். அதில் அவளுக்கு ஓர் இடம் வைத்திருந்தார்கள். ஒப்பந்தம் வந்தால் போகலாம் என்று பல்கலைக்கழகத்தில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

“சார், நம்ம ஒப்பந்தம் எதுவரைக்கும் வந்திருக்கு?” என்று ஒருநாள் அவரிடமே வந்து கேட்டாள்.

“விஷயம் கொள்ளாம். வாசகம்தான் சரியில்ல கேட்டியா. ‘இரு தரப்பும் ஒத்துழைக்கும்’னு போட்டிருக்காவ. நாளைக்கு ஒத்துழைக்க முடியலன்னா என்ன செய்யது? ‘ஒத்துழைக்க முயலும்’னு மாத்தியிருக்கேன்.”

“முயலாம இருந்துட்டா, சார்?”

அருமைநாயகம் கண்ணாடியைக் கழற்றினார். இந்தக் கோணம் அவருக்குத் தோன்றவில்லை. ‘முயல்வதற்கான முயற்சிகளை மேற்கொள்ளும்’ என்று அந்த இடத்திலேயே திருத்தி எழுதிவிட்டு, மிகுந்த பிரியத்தோடு அவளைப் பார்த்தார்.

“ஒனக்கு இதுல நல்ல வாசனை உண்டு” என்றார்.

அதன் பிறகு பாதுகாப்புப் பிரிவுகள் சேர்ந்தன. பூகம்பம், வெள்ளம், பெருந்தொற்று, புயல், கடல் கொந்தளிப்பு எல்லாம் வந்து, அவற்றுக்குப் பின்னால், ஊரையே பூட்டிப்போடும் ஹர்த்தாலும் வந்து உட்கார்ந்தது. ஹர்த்தால் என்றால் என்ன என்று நார்வேக்காரர்கள் பணிவாகக் கேட்டார்கள். அருமைநாயகம் ஏழு பக்கத்துக்கு ஓர் இணைப்பு எழுதினார். பால், பத்திரிகை, ஆஸ்பத்திரி வாகனம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு என்பதையும் விடவில்லை. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக எதையும் அவர் எழுதியதில்லை. அப்புறம், அங்கே போகும் நம் பிள்ளைகளுக்கு ஒரு நேரமாவது சோறு கிடைக்க வேண்டும் என்று ஒரு பிரிவு. நார்வேக்காரர்கள் மறுநாளே சம்மதம் என்று எழுதிவிட்டார்கள்.

அதுதான் வினையாகிப் போனது. மறுநாளே ஒத்துக்கொண்டால் அதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம் இல்லையா? புழுங்கலரிசியா, பச்சரிசியா என்று வரைவில் தெளிவில்லை என்பதை அருமைநாயகம் கண்டுபிடித்தார். அதற்கு ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. குழு இரண்டாகப் பிளந்தது.

ஜெஸ்லினின் ஆய்வு வழிகாட்டி சீதாலக்ஷ்மி, ஸ்ரீவராகம் அக்ரஹாரத்துக்காரி, எளிதில் குரலை உயர்த்தாதவள், ஒருநாள் அவர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

“சார், ரெண்டு பக்கமா வந்தது, இப்போ முப்பது பக்கம் ஆயிடுத்து. கப்பல் அடுத்த மாசம் கிளம்பறது.”

“கப்பல் அடுத்த வருஷமும் போவும், டீச்சரே. ஒப்பு ஒருக்க போட்டா போட்டதுதான்.”

“அடுத்த வருஷம் அந்தப் பொண்ணுக்கு ஃபெலோஷிப் இருக்காது. ஆராய்ச்சியைப் பாதியில விட்டுட்டு ஆத்துக்குப் போகணும். நீங்கதானே அவளுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதினேள்?”

அந்தக் கடிதத்தை அருமைநாயகம் மனதாரத்தான் எழுதியிருந்தார். இப்போதே பேனாவை எடுத்தால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தோன்றியதுமே பேனாவை மேஜை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டார். கையெழுத்து விழுந்த காகிதம் தன் பாட்டுக்கு ஊர் சுற்றப் போய்விடும். என்றைக்கோ ஒருநாள் தணிக்கைக்காரர் ஒருவர் அதைத் தூக்கிப் பிடித்து, ‘இதைப் பார்த்தது யார்?’ என்று கேட்பார். வரைவுக்கு அந்தத் தொல்லை இல்லை. வரைவாக இருக்கும் வரை உலகத்தில் யாரும் தப்புச் செய்யவில்லை.

“இன்னும் ஒரு தடவை பாத்திருவோம்” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

சீதாலக்ஷ்மி வெளியே வந்தாள். ஜெஸ்லினை அழைத்து, நார்வேப் பேராசிரியருக்கு நேராகவே எழுதச் சொன்னாள். பதில் உடனே வந்தது: ஒரு மாணவி விருந்தாளியாக வருவதற்கு ஒப்பந்தம் எதற்கு? அழைப்புக் கடிதம் அனுப்புகிறேன், வாருங்கள். வழிகாட்டி என்ற முறையில் சீதாலக்ஷ்மி அவளுடைய விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள். விசாவும் வந்துவிட்டது.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஜெஸ்லின் சொல்லிக்கொள்ள வந்தாள்.

“நாளைக்கு போறேன், சார்.”

“எங்க?”

“நார்வேக்கு.”

“எந்தப் பிரிவுல?”

“பிரிவு ஒண்ணும் இல்ல, சார். வரச் சொன்னாவ, போறேன்.”

அருமைநாயகத்துக்கு முகத்தில் யாரோ தண்ணீர் தெளித்ததுபோல் இருந்தது. வரச் சொன்னார்கள், போகிறாள். இதில் திருத்துவதற்கு இடமே இல்லை. முதலில் வலித்தது. பிறகு, அவருக்கே ஆச்சரியமாக, ஒரு பெரிய பாரம் இறங்கியது. பெண் போகிறாள், அவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. வாழ்த்த வேண்டும் என்று வாயெடுத்தார். கண்கூடக் கலங்கியது.

“போய்ச் சேந்ததும் மெயில் போடு, மோளே” என்றார். “ரிஜிஸ்ட்ராருக்கு ஒரு காப்பி வச்சிரு.”

சில வாரங்களில் நார்வேயிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் மாணவி கப்பலில் இருக்கிறார், அருமையாக வேலை செய்கிறார். ஒத்துழைப்புதான் தொடங்கிவிட்டதே, இனி ஒப்பந்தம் தேவையில்லை என்று நினைக்கிறோம், உங்கள் பொறுமைக்கு நன்றி.

அருமைநாயகம் அதை மூன்று முறை படித்தார். ‘நினைக்கிறோம்’ என்ற சொல் உறுத்தியது. யார் நினைக்கிறார்கள்? எந்த அதிகாரத்தில் நினைக்கிறார்கள்? கதவைச் சாத்திக்கொண்டு, புத்தம்புதிய தாள் ஒன்றை எடுத்து, ஒப்பந்தம் தேவையில்லை என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்வதற்கான ஒப்பந்தத்தை எழுதத் தொடங்கினார். வரைவு நன்றாக வந்துகொண்டிருப்பதாகக் கேள்வி.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், பேச்சு நின்றுபோன அண்ணனுக்கு அனுப்புவதற்காக உங்கள் செல்போனில் ஒரு செய்தி எழுதி வைத்திருக்கிறீர்களே, ‘அன்புள்ள’ என்று தொடங்கலாமா, வெறும் ‘அண்ணனுக்கு’ போதுமா என்று எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைக்கிறீர்களே, அது எத்தனாவது திருத்தம்? அப்படியே அனுப்பிவிடுங்கள். பிழை இருந்தால் அண்ணன் திருத்திப் படித்துக்கொள்வார்.