மூன்று ஊருக்கு ஒரு அண்ணாச்சி

நான் இதுவரை வரைந்த படங்கள் மொத்தம் இரண்டு. முதல் படம் மூன்று ஊர்ப் பத்திரிகைகளில் ஒரு வருடம் விடாமல் வெளிவந்தது. இரண்டாவது படம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே சட்டம் போட்டுத் தொங்குகிறது. முதல் படத்தால் என் கல்யாணம் நிற்கப் பார்த்தது. இரண்டாவதைப் பார்ப்பவர்கள், "இதுக்குப் பொறகுமா பொண்ணு குடுத்தாக?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள்.

எண்பதுகளின் நடுவில் அருப்புக்கோட்டையில் சித்தப்பாவின் இரும்புக்கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். (என்ன தொழில் என்று கேட்டால் 'ஓவியர்' என்பேன். கேட்டவர் என் கையிலிருக்கும் தராசைப் பார்ப்பார்.) ஒரு நாள் நூலகத்தில் பழைய இங்கிலீஷ் பத்திரிகை ஒன்று கண்ணில் பட்டது. அமெரிக்காவில் ஒருவர் சிரிப்புப் படம் வரைவாராம். ஒரு கம்பெனி அதை அட்டையில் அச்சாகப் பதித்து ஊர் ஊராக ரயிலில் அனுப்புமாம். அந்தந்த ஊர்க்காரர்கள் அதில் ஈயத்தை ஊற்றி அச்சடித்துக்கொள்வார்களாம். ஊருக்கு ஒரு பத்திரிகைக்குத்தான் கொடுப்பார்களாம். சமையல் குறிப்பு, கேள்வி-பதில் எல்லாமே இப்படித்தானாம். வரைந்தவர் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பாராம்.

கடைசி வரி எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

எங்கள் பக்கத்தில் அப்போது மூன்று வாரப் பத்திரிகைகள் இருந்தன. அருப்புக்கோட்டையில் ஒன்று, மல்லாங்கிணற்றில் ஒன்று, திருச்சுழியில் ஒன்று. ஒவ்வொன்றும் நான்கு பக்கம். ஆசிரியர்கள் மூவரும் அச்சகம் வைத்திருந்தவர்கள். வாரம் முழுக்கக் கல்யாணப் பத்திரிகை அடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் உலகத்தைத் திருத்துவார்கள். மூவரும் சம்மதித்தார்கள்.

படம் வரைந்தேன். நாற்காலியில் மீசையும் தொந்தியுமாக ஒரு அண்ணாச்சி, தோளில் துண்டு. அவருக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் ஒல்லியான ஆள் ஒருவர். இருவருக்கும் முன்னால் பெரிய மேசை. (மேசை கதைக்குத் தேவையில்லை. எனக்குக் கால் வரைய வராது.) மதுரைக்குப் போய்ப் படத்தைத் தகட்டில் செதுக்கி, மரக்கட்டையில் அறைந்து பிளாக் செய்துகொண்டு வந்தேன்.

அடுத்த வாரப் படத்துக்கு உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. அதே அண்ணாச்சியை மறுபடி வரைய வரவில்லை. ஒரு தடவை அவருடைய அண்ணன் வந்தார். ஒரு தடவை அவருடைய எருமை வந்தது. யோசித்தேன். பிளாக்கைத் திரும்ப மதுரைக்குக் கொண்டுபோய், ஆட்கள் பேசுகிற இடத்தில் இரண்டு ஓட்டை போட்டு வாங்கி வந்தேன். இனி அந்த ஓட்டைக்குள் அவரவர் அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொள்ள வேண்டியது. படம் அதே படம், பேச்சு மட்டும் வாராவாரம் புதுசு. நான் துண்டுச் சீட்டில் வசனம் எழுதிக் கொடுத்தால் போதும்.

அமெரிக்காக்காரனுக்கு ரயில். எனக்கு டவுன் பஸ். செவ்வாய்க்கிழமை அருப்புக்கோட்டை, புதன் மல்லாங்கிணறு, வியாழன் திருச்சுழி என்று பிளாக் கண்டக்டர் சீட்டுக்கு அடியில் பயணம் செய்தது. அண்ணாச்சி அளவுக்கு ஊர் சுற்றியவர் அந்தக் காலத்தில் யாரும் இல்லை.

மல்லாங்கிணற்று ஆசிரியர் மட்டும் ஒரு முறை கேட்டார். "ஏம்ப்பா, படம் மாறவே மாறாதா?"

"நம்ம ஊருல வேற என்னத்த மாறிப்போச்சு அண்ணாச்சி?" என்றேன். அவர் அதை அப்படியே அந்த வாரத் தலையங்கமாக எழுதிவிட்டார்.

வசனம் எழுதவும் சோம்பல் வந்தபோதுதான் சனி என் பக்கம் திரும்பியது. திருச்சுழி ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன்: 'வசனத்தைத் தங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளத் தங்களுக்கு முழு உரிமை உண்டு.' படத்தின் கீழ் மூலையிலோ, தகட்டிலேயே செதுக்கிய என் கையெழுத்து: 'ஓவியர் அருவி.' (எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வந்தாலே அருவிதான்.) வசனம் மாறலாம், கையெழுத்து மாறாது.

அந்தச் சமயத்தில் எனக்குத் திருச்சுழியில் பெண் அமைந்தது. பெயர் தனலட்சுமி. அவளுடைய அப்பாவுக்குப் பாத்திரக்கடை. ஊரே அவரைப் 'பித்தளை அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடும். மீசை, தொந்தி, தோளில் துண்டு. (நான் படம் வரைந்தபோது அவரைப் பார்த்ததேயில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் கடை வைத்திருப்பவரில் பாதிப்பேர் அப்படித்தான் இருப்பார்கள்.) இரும்புக்கடை ஆணிக்காரனுக்கு அவர் சம்மதித்ததே சித்தப்பா விட்ட அளப்பால்தான். "மூணு ஊர்ப் பேப்பரு இவனை நம்பித்தேன் ஓடுது. 'அருவி'ன்னு கையெழுத்துப் போடுவான்." பித்தளை அண்ணாச்சி பத்திரிகை படிப்பவர் அல்ல, அதில் தம்ளர் சுற்றிக் கொடுப்பவர். அதனால் நம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூ வைக்கப் போனோம். சித்தப்பா கையில் என் ஆல்பம். ஒரு வருடத்துப் படங்களையும் வெட்டி ஒட்டியிருந்தேன். "மொதப் பக்கத்த மட்டும் காட்டுங்க சித்தப்பா" என்று பஸ்ஸிலேயே சத்தியம் வாங்கியிருந்தேன்.

உள்ளே நுழைந்தால், பித்தளை அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், தோளில் துண்டோடு. முன்னால் மேசை. மேசைமேல் திருச்சுழிப் பத்திரிகை.

"வாங்க. உக்காருங்க. இதப் படிங்க மொதல்ல."

படித்தேன். ஒல்லி ஆள் கேட்கிறார்: 'பித்தளை அண்ணாச்சி, மகளுக்குச் சீர்ப் பாத்திரமெல்லாம் புதுசா?' அண்ணாச்சி சொல்கிறார்: 'ஈயம் பூசிட்டா எல்லாம் புதுசுதான்!'

கீழே, ஓவியர் அருவி.

கடைத் திறப்பு நோட்டீசைத் தன்னிடம் கொடுக்காமல் அருப்புக்கோட்டையில் அடித்தார் என்று திருச்சுழி ஆசிரியருக்குப் பித்தளை அண்ணாச்சிமேல் பழைய காந்தல் உண்டாம். முழு உரிமை கிடைத்ததும் மனுசன் தீர்த்துக்கொண்டார்.

"பொண்ணு குடுக்கிற வீட்ட ஊர் சிரிக்க வச்சிருக்கீக. தட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க" என்றார் பித்தளை அண்ணாச்சி.

"மாமா, சத்தியமா அது நான் எழுதுனதில்ல!"

"இது யாரு கையெழுத்து?"

"கையெழுத்து என்னுதுதான். படமும் என்னுதுதான். பேச்சுதான்..."

"படத்துல நான், பேச்சுல நான். அப்ப நீங்க என்னதேன் செஞ்சீக?"

என்னைக் காப்பாற்ற ஒரே சாட்சி ஆல்பம்தான். அதே வாரம் அருப்புக்கோட்டையில் வந்தது வேறு வசனம். 'அண்ணாச்சி, மழை வந்துச்சா?' 'வந்துச்சே, ரேடியோவுல!' அதைக் காட்டினால் நான் அவரைக் கேலி செய்யவில்லை என்று நிரூபணம் ஆகும். கூடவே, நான் வாழ்க்கையில் ஒரே ஒரு படம் வரைந்தவன் என்பதும் நிரூபணம் ஆகும். திமிர் பிடித்தவனா, டுபாக்கூரா என்று முடிவு செய்ய எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை. சித்தப்பா சத்தியத்தை மறந்து ஆல்பத்தை முழுசாக விரித்துவிட்டார்.

பித்தளை அண்ணாச்சி ஒரு பக்கம் புரட்டினார். இன்னொன்று. வேகமாகப் பத்து பக்கம்.

"என்னய்யா இது? இந்தாளு ஒரு வருசமா எந்திரிக்கவே இல்லையா?"

சொந்தக்காரர்கள் மேசையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். "ஒண்ணுக்குக்கூடவா போகல?" என்றார் ஒரு பெரியவர். நான் பிளாக்கு, ஓட்டை, பஸ்ஸு என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பித்தளை அண்ணாச்சி மீசையைத் தடவியபடியே கேட்டார்.

"ஒரே சரக்கு, மூணு ஊரு, ஒரு வருசம். ஒருத்தனும் திருப்பிக் கொண்டாரல?"

"இல்ல மாமா."

"யேவாரி!" என்றார் சித்தப்பாவைப் பார்த்து. "படம் போடுறவன்னு சொன்னீகளேன்னு நானே யோசனையாத்தேன் இருந்தேன். இவரு பொழச்சுக்கிருவாரு."

அதற்குள் அறைக்குள்ளிருந்து பெண்குரல். "அப்பா, அவுகள இப்ப ஒரு படம் வரையச் சொல்லுங்க. நிக்கிற மாதிரி."

பேப்பரும் பென்சிலும் வந்தன. மேசை போட அனுமதி இல்லை. அண்ணாச்சி நின்றார், நான் வரைந்தேன். வேர்வையில் பேப்பர் நனைந்தது. முடிந்ததும் படம் உள்ளே போனது. அப்புறம் கதவுக்குப் பின்னாலிருந்து வந்த சிரிப்பு நிற்கக் காணோம். இரண்டு முருங்கைக்காய் மேல் ஒரு மூட்டையை வைத்தது மாதிரி இருந்ததாம். பூவை வைத்துவிட்டுப் போங்கள் என்றார்கள்.

சீர் கொடுத்த கையோடு பிளாக்கை மாமனாரே வாங்கிக்கொண்டார். பாத்திரக்கடை விளம்பரத்தில் அண்ணாச்சி பல காலம் உட்கார்ந்திருந்தார், 'இங்கே எல்லாம் புதுசுதான்!' என்று சொல்லிக்கொண்டு.

முருங்கைக்கால் படத்தைச் சட்டம் போட்டது தனலட்சுமி. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நாற்காலியை விட்டு அசையாமல் இருந்தால், சமையலறையிலிருந்து கரண்டிச் சத்தத்தோடு குரல் வரும்:

"ஏய், அப்பாவுக்குக் கீழ கால் இருக்கான்னு பாருங்கடா. இல்ல, அதையும் வரையாம விட்டுட்டாகளா?"

பிள்ளைகள் மேசைக்கு அடியில் குனிந்து பார்ப்பார்கள். இப்போது பேரன் பார்க்கிறான்.