கீழே ஒரு மீட்டிங்

பதினேழாம் தூணின் நிலவரத்தைச் சொல்வதற்காகத் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டியவள், பலகை இடுக்கு வழியாக ஒரு செருப்பைப் பார்த்தாள். இடது செருப்பு. அறுந்த வாரை நீல நூலால் தைத்திருந்தது. அந்தத் தையலை உலகத்தில் ஒருத்திதான் போடுவாள்.

அம்மா.

முட்டி வலி என்று வீட்டில் படுத்திருக்க வேண்டியவள், கடலுக்குள் நீளும் இந்தப் படகுத்துறை மரப்பாலத்தில் காற்று வாங்கிக்கொண்டு நிற்கிறாள்!

மூச்சுக்குழாயைக் கவ்விக்கொண்டு மறுபடி முங்கினாள் மகள்.

விஷயம் இதுதான். அந்த வீட்டுக்கே முதல் பட்டம் இவளுடையது. பதினாறு வருஷம் அம்மா தையல் மிஷினை மிதித்து மிதித்து வாங்கிக் கொடுத்த பொறியியல் பட்டம். நேர்காணலுக்குப் போன இடத்திலெல்லாம் அப்பா யார், யாரைத் தெரியும் என்று கேட்டார்களே ஒழிய, பாலம் எப்படி நிற்கிறது என்று ஒருவனும் கேட்கவில்லை. கேட்ட ஒரே கம்பெனி இது. சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கி, புழு அரித்த தூண் எது என்று தட்டிப் பார்க்கும் வேலை. இவளுக்கோ அது உயிர். ஆனால் மகள் குளத்தங்கரைக்குப் போனாலே பதறுகிற அம்மாவிடம் இதைச் சொல்ல முடியுமா? ஏசி ரூம், சுழல் நாற்காலி என்று அளந்துவிட்டாள். தெரிந்தால் அன்றைக்கே வேலைக்கு முழுக்கு.

குமிழி விட்டபடி இரண்டு தூண் தள்ளிப் போனாள். மேலே டக், டக் என்று செருப்புச் சத்தமும் இரண்டு தூண் தள்ளி வந்தது. எதிர்ப்பக்கம் திரும்பினாள். செருப்பும் திரும்பியது. முட்டி வலியாம், முட்டி வலி!

ஆறு தூண் தாண்டி எழுந்தாள். மேலே நோட்டும் கையுமாகச் சூப்பர்வைசர் குந்தியிருந்தார்.

"அண்ணே, அந்த நீலத் தையல் போட்ட செருப்பு எங்கம்மா. எப்படியாவது அனுப்பிடுங்க."

"நான் எப்படிம்மா அனுப்புறது? கடலுக்கு நானா ஓனரு?"

அதற்குள் செருப்பு வந்து சேர்ந்தது. இவள் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டாள். சூப்பர்வைசரின் சட்டைப்பையில் இவளுடைய போன் அடித்தது. சொல்லிக்கொடுத்த பாடம் அவருக்கு மனப்பாடம்.

"மேடம் மீட்டிங்ல இருக்காங்கம்மா."

"எங்க?"

"கீழ."

அம்மாவின் குரல் போனிலிருந்து ஒரு தடவை, முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு தடவை என்று அவர் காதில் விழுந்தது.

"எக்கோ அடிக்குதும்மா. கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க."

"மீட்டிங் எப்ப முடியும்?"

"காத்து தீந்..." நாக்கைக் கடித்துக்கொண்டார். "கரன்ட் போனா முடிஞ்சிரும்."

"வெளிய வந்ததும் போன் பண்ணச் சொல்லுங்க."

மறுபடி முங்கியவள் சிலிண்டர் மீட்டரைப் பார்த்தாள். முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஏணி இருப்பது கரைப்பக்கம், நடுவில் அம்மா. பாலத்தின் நுனியில் ஒரு சாமான் கொட்டகை உண்டு. அதன் அடியில் மட்டும் பலகை இடுக்கு கிடையாது. அங்கே போய் எழுந்து, மூச்சுக்குழாயைத் துப்பிவிட்டு, குறுக்குக் கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அம்மா சலித்துப்போய்க் கிளம்பட்டும்.

ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம். மூன்றாவது நிமிஷம் மேலே அலறல்.

"ஐயோ, காணோமே! யாராச்சும் ஓடி வாங்களேன்!"

மணி அடித்தது. மிதவை வளையம் ஒன்று வந்து விழுந்தது. பின்னாலேயே, பதற்றத்தில், சூப்பர்வைசரின் நோட்டும் விழுந்தது.

யாரோ முழுகுகிறார்கள். ஆள் முழுகும்போது ஒளிந்துகிடக்க அவளுக்கு வராது. வெளிச்சத்துக்கு நீந்தி வந்து கத்தினாள்: "யாரு விழுந்தது? எந்தப் பக்கம்?"

கைப்பிடிக்கு மேல் அம்மாவின் முகம். அலறல் பாதியில் நின்றது.

ஏணியேறி, சொட்டச் சொட்ட நின்றாள். அம்மா பையிலிருந்து ஒரு துண்டை உருவி, பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் துவட்டுவது போல் தலையைப் போட்டுத் தேய்த்தாள்.

"ஏன்டி இப்படி நடுங்குற? ஆபீஸ்ல ஏசி ஜாஸ்தியோ?"

"அம்மா... இன்னிக்கு ஒரு நாள்தான்மா. வழக்கமா இறங்குறவரு லீவு, அதான்..."

பாலத்து வாசலிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்த டிக்கெட் கவுன்டர்காரி அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்:

"குலை நடுங்க வச்சிட்டீங்களேக்கா! சரி, உங்க வருஷ பாஸ் இந்த வாரத்தோட முடியுது, அடுத்த வருஷமும் பொண்ணு விடுற குமிழி பின்னாலயே நடக்கறதா இருந்தா, போறப்ப புதுப்பிச்சுட்டுப் போயிடுங்க."