பித்தளை டப்பாவுக்குள் முன்னறை

எங்கள் குடும்பத்தில் நான்கு பேர். அப்பா, அம்மா, நான், மில்லிங் மெஷின். இதில் தனி அறை இருப்பது மெஷினுக்கு மட்டும்தான்.

அதுவும் எந்த அறை? தெருவைப் பார்த்த முன்னறை! பக்கத்தில் போல்ட் செய்கிற பட்டறையை மூடினபோது இரும்பைச் செதுக்கும் அந்த மெஷினை அப்பா வாங்கி வந்து அங்கே நிறுத்தினார். அப்பா, லியாவ் பிங்-ஹுவாங், நிலப்பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா. இரும்புக்கும் அவருக்கும் அதுவரை இருந்த ஒரே உறவு ஸ்டேப்ளர். மெஷின் தொழிலை வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டார். இதுவரை அவர் செய்ததில் உருப்படியானது பாட்டில் மூடி திறக்கும் ஒரு கருவி. அது பாட்டிலைவிடக் கனம்.

அந்த அறைக்கு வெளியே, நடைபாதைக் கூரையின் கீழ், அம்மாவின் காலைச் சிற்றுண்டிக் கடை. முட்டை ரொட்டி, முள்ளங்கிக் கேக், சோயாபால். எங்கள் ஊரான ஃபெங்யுவானில் பாதிப் பேர் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். ஆனால் நின்றுகொண்டு! மழைக்காலத்தில் ஒரு கையில் குடை, ஒரு கையில் ரொட்டி. உள்ளே மெஷின் மட்டும் நனையாமல் நிற்கும். இது எந்த ஊர் நியாயம்? நான் சட்டம் படிக்கிறவள். எந்தச் சட்டத்திலும் இதற்கு இடமில்லை.

"முன்னறையில நாலு மேசை போட்டுக்கறேன்" என்று அம்மா எட்டு வருஷமாகக் கேட்கிறாள். அப்பா மழுப்புவார். போன வாரம் மழுப்பவில்லை. கழுத்தை நிமிர்த்திக்கொண்டார்.

"மெய்-யுவே, ஒரு பந்தயம். நான் ஒரு டப்பா செய்யறேன். அறைச் சாவியை அதுக்குள்ள வச்சு மூடிடுவேன். வெறுங்கையால திறந்துட்டா அறை உனக்கு."

"திறக்கலைன்னா?"

"மேசைப் பேச்சே எடுக்கக் கூடாது. ஆயுசுக்கும்."

அம்மா ரொட்டி புரட்டும் கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "சரி."

"அம்மா! நிபந்தனை என்னன்னு முழுசாக் கேக்காம சரின்னு சொன்னா எப்படி?" என்றேன்.

"ரெண்டாவது ஆளுக்கு சோயாபால் கொடு" என்றாள்.

சனிக்கிழமை அப்பா என்னை முன்னறைக்குள் கூப்பிட்டார். "முதல்ல சத்தியம் பண்ணு, அம்மாகிட்ட வாயே திறக்கக் கூடாது." விஷயம் தெரியாமல் சத்தியம் செய்தேன். எங்கள் பேராசிரியர் கேள்விப்பட்டால் என்னை முதலாண்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்.

மெஷினில் ஒரு பித்தளைக் கட்டி. நடுவில் துளை. சீப்பு மாதிரிப் பல் வைத்த ஒரு கட்டர் அந்தத் துளைக்குள் இறங்கிச் சுவரைக் கடித்தபடி வட்டமடித்தது. பொன்தூள் பறந்தது. எண்ணெய் வாடை. உள்ளே, மூடியைத் திருகுவதற்கான மரை விழுந்துகொண்டிருந்தது.

"கவனி. இப்படிச் சுத்திக்கிட்டே கட்டர் கீழேருந்து மேல ஏறினா, ஊரு உலகத்துல இருக்கிற மரை. அதே சுத்துல மேலேருந்து கீழ இறங்கினா?"

"என்ன?"

"இடது மரை! எல்லாம் தலைகீழ். எல்லாரும் மூடியை எந்தப் பக்கம் திருகித் திறப்பாங்க?"

"இடப்பக்கம்."

"இதுல இடப்பக்கம் திருகினா இறுகும். பயில்வான் வந்தா இன்னும் இறுகும்!" அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அப்பா, இது மோசடி."

"எந்தப் பக்கம் திருகணும்னு நான் எங்கயாவது சொன்னேனா?"

"சொல்லாம மறைக்கிறதும் மோசடிதான்."

"அப்படின்னா சந்தையில தர்பூசணி விக்கிறவன் பூரா ஜெயில்ல இருக்கணும்."

என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அவர் மெஷினின் வேகத்தைக் கூட்டிவிட்டார். எங்கள் வீட்டில் எல்லா விவாதமும் இப்படித்தான் முடியும்.

ஞாயிறு மதியம், கடை மூடியதும் பந்தயம். சாட்சிக்கு எதிர்வீட்டு காவ் மாமா. டயர்க் கடைக்காரர். லாரிச் சக்கர நட்டை விரலாலேயே கழற்றுவதாகச் சொல்லிக்கொள்பவர்.

"முதல்ல நீ பாரு காவ்" என்றார் அப்பா பெருந்தன்மையாக.

மாமா திருகினார். முகம் வெந்த இறால் நிறத்துக்கு வந்தது. "அண்ணே, வெல்டிங் வச்சுட்டீங்களா?"

"பாத்தியா மெய்-யுவே? டயர்க் கடைக்காரனுக்கே இந்தக் கதி!"

எனக்குக் கொதித்தது. வாய்தானே திறக்கக் கூடாது? தலையை வலப்பக்கம் சாய்த்துச் சாய்த்து அம்மாவுக்கு ஜாடை காட்டினேன்.

"என்னடி, கழுத்து சுளுக்கிக்கிச்சா?" என்றாள் அம்மா.

போச்சு. நாலு மேசையும் மழையில் போச்சு.

அம்மா டப்பாவை வாங்கினாள். இடப்பக்கம் லேசாக ஒரு தள்ளு. நிறுத்தினாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். தினமும் மாவு பிசைகிற மணிக்கட்டு வலப்பக்கம் ஒரு வெட்டு வெட்டியது.

கிர்ர்ர்.

மூடி ஒரு கையில், சாவி ஒரு கையில். "காவ், பித்தளை நல்லாத்தான் இருக்கு. சர்க்கரை போட்டு வச்சுக்கலாம்."

அப்பா முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என் பக்கம் பாய்ந்தார். "நீதான் சொல்லிக் கொடுத்திருக்கே!"

"நான் சத்தியத்தைக் காப்பாத்தினேன்! அதுக்காகத்தான் இவ்வளவு நேரம் வருத்தப்பட்டுக்கிட்டு இருந்தேன்!"

"அவளைத் திட்டாதீங்க. அவ ஒண்ணும் சொல்லல."

"அப்ப எப்படி?"

"சொல்றேன். மெஷினைப் பின்னறைக்கு நகத்த ஆள் வேணும், ஆளுக்குச் சோறு வேணும். கொழுக்கட்டைக்குத் தண்ணி வைக்கலாம்னா சமையக்கட்டுல கேஸ் தீர்ந்துபோச்சு. புது சிலிண்டர் பக்கத்துலயே நிக்குது. பழசுலேருந்து ரெகுலேட்டரைத் திருகிக் கழட்டி இதுல மாட்டிட்டு வாங்க, சொல்றேன்."

கல்யாணமான நாளிலிருந்து அப்பா அந்த சிலிண்டர் மூலைப் பக்கம் போனதில்லை. ஆனாலும் எழுந்தார். தோற்றவருக்கும் கௌரவம் இருக்கிறதே. "மரையே போடறவன் நான். எனக்கு இது ஒரு வேலையா?" என்று உள்ளே போனார்.

அம்மா முன்னறையைத் திறந்து, மேசைகளுக்குக் கண்ணாலேயே இடம் போட்டுக்கொண்டிருந்தாள். மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "நிஜமாவே எப்படி அண்ணி?"

"இதுல என்ன இருக்கு? கேஸ் ரெகுலேட்டரும் இதே ஜாதிதான். வலப்பக்கம் திருகினாத்தான் கழலும். கடைக்குன்னு எத்தனை சிலிண்டர் மாத்தியிருக்கேன்! இந்த வீட்டுல அது தெரியாத ஆளுங்க ரெண்டே பேருதான்."

மாமா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

சமையலறையிலிருந்து முனகல் வந்தது. ஏதோ உருண்டது. பிறகு, ஒரு நிபுணரின் எரிச்சலோடு அப்பாவின் குரல்:

"மெய்-யுவே! திருகத் திருக இறுகித்தான் போகுது. மரை போடவே தெரியாத எவனோ செஞ்சிருக்கான் இதை!"