சுல்தானின் ஞாயிற்றுக்கிழமை நோய்

வீட்டில் யார் பெரியவர் என்பதை ஒரு தடவையாவது காட்டிவிடுவது என்று நான் தீர்மானம் செய்தேன். 1923-ஆம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பசியாறலுக்குப் பிறகு. பசியாறலுக்கு முன்னால் எனக்குத் தீர்மானம் எதுவும் வராது.

அதற்குக் காரணம் என் மோட்டார். ரப்பர் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போன வண்டி. நான் வாங்கும்போதே அதற்கு ஒன்பது வயசு. மோட்டாருக்கு ஒன்பது என்றால் மனிதனுக்குத் தொண்ணூறு. மேலே துணிக்கூரை, முன்னால் பெரிய விளக்கு இரண்டு, காலால் மிதித்தால் தானே கிளம்பும் மின்சார ஸ்டார்ட்டர். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் டன்லப் தெருவில் யாரும் நம்பவில்லை. காலையில் மிதித்தால் உறுமும். மத்தியானம் மிதித்தால் ஊமை. சாயங்காலம், துடைக்கிற துணி பட்டால்கூடக் கிளம்பிவிடும் போல நிற்கும். தன் இஷ்டத்துக்கு எழுந்திருப்பதால் தெருக்காரர்கள் அதற்கு சுல்தான் என்று பேர் வைத்தார்கள்.

என் வீட்டுக்காரி நஃபீசா கோஷாப் பெண், அந்நிய ஆண்கள் கண்ணில் படமாட்டாள். அவளுக்காகவே பின்சீட்டைச் சுற்றிப் பச்சைத் திரை தைத்துப் போட்டிருந்தேன். திரைக்குள் உட்கார்ந்து அவள் போக விரும்பிய ஊர் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். கேலாங். அங்கே அவளுடைய ராத்தா, அதாவது கூடப்பிறந்த அக்காள், இருந்தாள். அக்காளோடு அக்காள் புருஷன் அப்துல் கையூமும் இருந்தார். அதுதான் சங்கடம்.

அப்துல் கையூம் வைத்தியக் கித்தாப் படித்துத் தானாகவே ஹகீம் ஆனவர். நாடி பிடித்துப் பார்க்காமல் எனக்கு சலாம்கூடச் சொல்ல மாட்டார். ஈரலில் சூடு என்பார். உள்ளே போய்ச் சேற்று நிறத்தில் ஒரு கோப்பை கஷாயம் கொண்டு வருவார். குடித்து முடிக்கும் வரை எதிரில் நின்று என் தொண்டையையே பார்ப்பார். குடித்தவனுக்கு வீடு திரும்பும் வழியில் எங்கெங்கே கக்கூஸ் இருக்கிறது என்பது மனப்பாடமாகிவிடும். என் கூட்டாளி சாகுல் ஹமீது அதே ஞாயிற்றுக்கிழமைகளில் காத்தோங் கடற்கரையில் நண்டு சமைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருப்பான். மனிதன் எதைத்தான் தாங்குவான்.

சுல்தானின் நோயைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரேயடியாகக் கெட்டுப்போன வண்டியை ரிப்பேர் செய்துவிடலாம். வந்து வந்து போகிற கோளாறை எங்கே என்று பிடிப்பது? மெக்கானிக்கைக் கூட்டி வந்தால், அவன் தலையைக் கண்டதும் சுல்தான் முதல் மிதியிலேயே கிளம்புவான். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விடுவான். அவன் தெரு முக்கைத் தாண்டியதும் சுல்தான் படுத்துக்கொள்வான்.

யோசனை சொல்ல மட்டும் ஆளுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து நகைப்பட்டறை வீட்டுச் சந்திரமதியக்கா கண்ணேறு என்று சொல்லிப் பூசணிக்காய் உடைத்தார். நஃபீசா வெள்ளிக்கிழமைதோறும் வண்டிக்குச் சாம்பிராணி போட்டாள். அப்துல் கையூம் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு இதற்கும் சூடுதான் என்றார். நல்லவேளை, கஷாயம் ஊற்றவில்லை. நான் பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். பாட்டரிக்குத் தண்ணீர் விட்டேன். ஸ்டார்ட்டரைப் பிரித்துக் கரியெல்லாம் சுரண்டினேன். ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் சரியாயிற்று. மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு புத்தி வந்தது. மிதி ஊமையாக இருந்த சமயம் பார்த்து விளக்கைப் போட்டேன். விளக்கும் எரியவில்லை. அப்படியென்றால் ஸ்டார்ட்டர் பாவம், அதன் மேல் குற்றமில்லை. பாட்டரியை விட்டு மின்சாரமே வெளியே வரவில்லை. பின்சீட்டைத் தூக்கினேன். அடியில் பாட்டரி. அதன் தலையில் மாட்டியிருந்த தடித்த வயரின் பிடி பச்சைக் களிம்பேறி, பல் ஆடுவது போல ஆடிக்கொண்டிருந்தது. விரலால் அமுக்கினேன், விளக்கு எரிந்தது. விட்டேன், அணைந்தது. இத்தனை மாதமும் ரோட்டுப் பள்ளத்தில் ஒரு குலுங்கு குலுங்கினால் பிடி விலகியிருக்கிறது, இன்னொரு குலுங்கில் சேர்ந்திருக்கிறது. அவ்வளவுதான் நோய்.

களிம்பைச் சுரண்டிவிட்டு, நெஞ்சு நிமிர்த்தி, நஃபீசாவிடம் சொல்ல உள்ளே ஓடினேன். நான் வாயைத் திறக்கும் முன் அவள் திறந்துவிட்டாள்.

"மச்சான், வண்டி மட்டும் சரியாயிட்டா இனிமே வாரா வாரம் ராத்தா வீட்டுக்குப் போயிடலாம். உங்களுக்குன்னு புதுசா ஒரு லேகியம் கிண்டி வச்சிருக்காங்களாம்."

வாய் வரை வந்த சேதியை அப்படியே விழுங்கினேன். நான் சொன்ன தீர்மானம் பிறந்தது அப்போதுதான்.

அதற்குப் பிறகு சுல்தான் என் சொல்படி நடந்தான். பிடியை நான் முடுக்கவே இல்லை, விரலால் அழுத்தி வைப்பதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் தூக்கிவிட்டு, சீட்டை மூடி, நஃபீசாவை ஏற்றி, பக்தியோடு மிதிப்பேன். ஊமை. இறங்கி முன்பக்க மூடியைத் திறந்து பெருமூச்சு விடுவேன். முன்னால் இரும்புக் கைப்பிடியைப் போட்டு எஞ்சினைச் சுற்றி வேர்த்துக் கொட்டுவேன். பாட்டரி இல்லாமல் சுற்றி என்ன பிரயோசனம், ஆனால் பார்க்கிறவர்களுக்குப் பரிதாபமாக இருக்கும். அவள் இறங்கி உள்ளே போவாள். மத்தியானம் போல, கொஞ்சம் சரியான மாதிரி இருக்கிறது, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பேன். அந்தச் சுற்று காத்தோங் வரை போகும். சில ஞாயிறுகள் இப்படி நண்டோடு கழிந்தன. நஃபீசா ஒன்றும் சொல்லவில்லை. பெண்சாதி ஒன்றும் சொல்லாமல் இருந்தால் கவலைப்பட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்தச் சமயத்தில் சிராங்கூன் ரோட்டு முனைக்கடை காலியாயிற்று. எங்கள் அத்தர், கைலி வியாபாரத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. டன்லப் தெருச் சந்தில் என் கடையைத் தேடி வருகிறவன் வழி தவறி வந்தவனாகத்தான் இருப்பான். முனைக்கடை ரவூப் மரைக்காயருக்குச் சொந்தம். பலபேர் கேட்டிருந்தார்கள். யாருக்குக் கொடுப்பது என்று மரைக்காயர் தாடியை உருவிக்கொண்டிருந்தார். அந்தக் கடை கிடைத்தால் மனிதனாவேன், கிடைக்காவிட்டால் காலத்துக்கும் சந்துதான் என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் மரைக்காயர் அலுத்துக்கொண்டார். வருகிற வியாழன் அவர் மனைவியும் மகளும் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறுகிறார்கள், அவருடைய மோட்டாரோ அச்சு முறிந்து கிடக்கிறது. நான் முந்திக்கொண்டேன். நம்ம வண்டி எதற்கு இருக்கிறது என்றேன்.

"அது கிளம்புமா தம்பி?"

"கிளம்பாம என்ன மொதலாளி. நோயை நானே கண்டுபிடிச்சுட்டேன். பின்சீட்டுக்கு அடியில பாட்டரி வயரு. ஒரு மாசம் ஆச்சு, இப்ப சொன்ன சொல்லு தட்டாது."

நுணலும் தன் வாயால் கெடும். மரைக்காயர் இதை வீட்டில் போய் மனைவியிடம் சொன்னார். மரைக்காயர் மனைவி, வழித்துணைக்குத் துறைமுகம் வரை வரச்சொல்லி நஃபீசாவை அழைக்கப் போன இடத்தில் அவளிடம் சொன்னார். இது எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை. பிடியை நன்றாக அழுத்தி வைத்தேன். நஃபீசா திரைக்குள் ஏறினாள். ஒரே மிதி, சுல்தான் உறுமினான். மரைக்காயர் வீட்டு வாசலில் நிறுத்தி அணைத்தேன். வாசலிலிருந்து வண்டி வரைக்கும் இருபுறமும் துப்பட்டி பிடித்து, மரைக்காயர் மனைவியையும் மகளையும் ஏற்றினார்கள். மடியில் ஹல்வாச் சட்டி, காலடியில் பெட்டி, பெட்டி மேல் பாய்ச்சுருட்டு. திரையை இழுத்து மூடினார்கள். துப்பட்டி பிடித்தவர்கள் கலைந்து போனார்கள். மரைக்காயர் என் பக்கத்தில் ஏறி பிஸ்மில்லாஹ் சொன்னார். நான் மிதித்தேன்.

ஊமை.

மறுபடி மிதித்தேன். விளக்கைப் போட்டேன், செத்திருந்தது. எனக்கு நோய் தெரியும், நோய் இருக்கும் இடம் தெரியும், ஒரு விரல் வைத்தால் போதும் என்பதும் தெரியும். ஆனால் அந்த இடத்தின் மேல் மரைக்காயரின் மனைவி உட்கார்ந்திருந்தார். அந்நிய ஆண்பிள்ளை திரைக்குள் கை நீட்டுவதா? பெண்டுகளை இறக்கலாம் என்றால், மறுபடி ஆள் தேடி, துப்பட்டி தேடி, பாய், பெட்டி எல்லாம் இறக்க வேண்டும். கப்பல் அதற்குள் நாகப்பட்டினம் போய்விடும். கடைத்தெரு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். முனைக்கடை கேட்டவர்களில் இருவர் அந்தக் கூட்டத்தில் சிரித்துக்கொண்டு நின்றார்கள். நான் இறங்கிக் கைப்பிடியைப் போட்டு நிஜமாகவே வேர்த்தேன்.

"நோயைக் கண்டுபிடிச்சு ஒரு மாசம் ஆச்சுன்னியே தம்பி" என்றார் மரைக்காயர்.

திரைக்குள்ளிருந்து நஃபீசாவின் குரல் வந்தது. தேன் தடவிய குரல். அந்தக் குரலை நான் கல்யாணத்துக்குப் பிறகு கேட்டதில்லை.

"ஒரு மாசமா மச்சான்? எங்கிட்ட சொல்லவே இல்லியே."

திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. கத்தவும் முடியவில்லை, கத்தாமல் இருக்கவும் முடியவில்லை.

"வயர்ல ஒண்ணும் இருக்காது மச்சான்" என்றாள் அவள். "நிய்யத்துல, மனசுல வைக்கிற எண்ணத்துல தான் கோளாறு. ஒரு நல்ல நிய்யத்து வச்சு மிதிச்சுப் பாருங்க. மனசுக்குள்ள வேணாம். வாய் விட்டுச் சொல்லுங்க. மொதலாளி சாட்சியா இருக்கட்டும்."

மரைக்காயர் தலையை ஆட்டினார். பிள்ளை சொல்வது சரிதான் என்றார். தர்காவுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுப்பதாக நிய்யத்து வைக்கச் சொல்லி அவரே எடுத்துக் கொடுத்தார். தெலோக் ஆயர் தர்காவுக்கு ஒரு டின் எண்ணெய் என்று சொல்லி மிதித்தேன். ஊமை. ஏழைகளுக்குச் சோறு என்று மிதித்தேன். ஊமை. சுல்தானுக்கு தான தர்மத்தில் நாட்டம் இல்லை என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான்.

"சொந்தபந்தத்தை அறுத்துவிடக் கூடாதுன்னு சொல்லுவாங்க இல்லையா மாமி" என்று உள்ளே நஃபீசா மரைக்காயர் மனைவியிடம் சொல்வது எல்லாருக்கும் கேட்டது.

எனக்கும் கேட்டது. புரிந்தது.

"கேலாங்ல எங்க ராத்தா வீட்டுக்கு… மாசத்துக்கு ஒருக்கா போயி வர்றதா நிய்யத்து."

மிதித்தேன். விளக்கு மினுக்கென்று ஒரு தரம் எரிந்து அணைந்தது.

"பாத்தியா, உசுரு வருது" என்றார் மரைக்காயர். "இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லு தம்பி."

"மாசத்துக்கு ரெண்டு தரம்."

ஊமை. துறைமுகப் பக்கமிருந்து கப்பல் ஊதும் சத்தம் கேட்டது. மரைக்காயரின் முகம் மாறியது. முனைக்கடை என் கண்ணெதிரே பூட்டிக்கொள்வது தெரிந்தது.

"வாரா வாரம்" என்றேன். "ஞாயித்துக்கிழமை தவறாம. சகலை குடுக்கிறதை மிச்சம் வைக்காம குடிக்கிறேன்."

திரைக்குள் சீட்டு இடுக்கில் கண்ணாடி வளையல்கள் கிலுகிலுத்துச் சரிந்து இறங்கும் ஓசை கேட்டது. என் கை நுழையாத இடுக்கு அது. வளையல் போடுகிற கை தாராளமாக நுழையும். மிதித்தேன். சுல்தான் தெரு அதிர உறுமினான்.

"மாஷா அல்லாஹ்" என்றார் மரைக்காயர். கூட்டம் ஆமோதித்தது. தஞ்சோங் பகார் துறைமுகம் போய்ச் சேரும் வரை, உறவைச் சேர்த்து வாழ்கிறவனுக்கு அல்லாஹ் எப்படியெல்லாம் உதவுகிறான் என்று அவர் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். கப்பல் கிடைத்தது. முனைக்கடையும் கிடைத்தது. வாராவாரம் ராத்தா வீட்டுக்குப் போகிறவன் நம்பகமான ஆள் என்று சொல்லியே கொடுத்தார். ஒவ்வொரு ஜும்மாவுக்கும் பள்ளிவாசல் படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, கேலாங் போனாயா என்று கேட்கவும் ஆரம்பித்தார்.

போனேன். லேகியம் தின்றேன். அதைப் பற்றி எழுதினால் படிக்கிறவர்கள் பசியாற மாட்டார்கள்.

மூன்றாவது ஞாயிறு வந்தது. சாகுல் ஹமீது, நல்ல நண்டு மாட்டியிருக்கிறது என்று ஆள் அனுப்பியிருந்தான். கேலாங்குக்குப் பத்து மணிக்குத்தானே கிளம்ப வேண்டும், அதற்குள் காத்தோங் போய்த் திரும்பிவிடலாம் என்று விடிந்ததும் பூனை மாதிரி இறங்கி வந்தேன். இந்தத் தடவை கையில் ஸ்பானர். பிடியைக் கல்யாணம் செய்து வைத்தது போல முடுக்கிவிட்டால் வளையல் போட்ட கை அல்ல, பயில்வான் கை வந்தாலும் அசையாது. ஓசைப்படாமல் பின்சீட்டைத் தூக்கினேன்.

பாட்டரி இருந்தது. வயரைக் காணோம்.

நிமிர்ந்து பார்த்தேன். மாடி ஜன்னல் மரத்தட்டிக்குப் பின்னால் நஃபீசா நின்றிருந்தாள். சுருட்டிய வயரை வளையலோடு வளையலாக மணிக்கட்டில் மாட்டியிருந்தாள்.

"எங்க போறீங்கன்னு மொதல்ல சொல்லுங்க மச்சான். வண்டி கெளம்புமா கெளம்பாதான்னு நான் சொல்றேன்."